இடது பின்சக்கரம்

அந்தச் சக்கரத்தில் இருந்த ஐந்து ஸ்டட்டும் ஐந்து ஊரைச் சேர்ந்தவை. ஒன்றுதான் வண்டியோடு பிறந்தது. ஒன்று அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து வந்தது. இன்னொன்று கரும்பு ஏற்றும் டிரெய்லரில் இருந்தது. ஒல்லியாக ஒன்று இருந்ததே, அது போர் போடும் வண்டியிலிருந்து கழற்றியது என்று சொல்லிக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒன்றின் பூர்வீகம் அய்யம்பெருமாளுக்கும் தெரியாது, அவனுக்கு முன்னால் அந்தப் பழைய பிக்கப்பை வைத்து ஓட்டிய புண்ணியவானுக்கும் தெரியாது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்துவதே மரை போட்ட இந்த இரும்புத் துண்டுகள்தான். அவற்றின்மேல் நட்டை மாட்டி முடுக்குவார்கள். ஒன்று முறியும்போதெல்லாம் கைக்குக் கிடைத்ததை அடித்துச் சொருகி, இன்றைய பொழுது போனால் போதும் என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் சக்கரம்தான் என்ன செய்யும், பாவம்.

அது ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கழன்றுகொண்டது. குன்னத்துக்கு மேற்கே வெங்காயக் கொல்லையில் களை வெட்டிய பெண்களை ஏற்றிக்கொண்டு அய்யம்பெருமாள் வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். மழை விட்ட நேரம், ரோடெல்லாம் மஞ்சள் வெயில். திடீரென்று ஒரு சக்கரம் தன்னந்தனியாக அவர்களைத் தாண்டி முன்னால் போனது.

"யாரு வண்டிச் சக்கரங்க இது?" என்று செங்கமலம் கேட்டாள்.

அவன் பதில் சொல்வதற்குள் வண்டி இடுப்பொடிந்து உட்கார்ந்தது. சக்கரம் மட்டும் அவசரமே இல்லாமல் ரோட்டை விட்டு இறங்கி, பருத்திச் செடிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், எங்கோ ஒரு வரப்போரம் படுத்துக்கொண்டது. யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருந்த பெண்களில் உண்ணாமலைக்கு மட்டும் வலது கை ஒடிந்தது. கட்டுப் போட்டு எலும்பு சேர்ந்தாலும் முழங்கைக்குக் கீழே கை லேசாகக் கோணிக்கொண்டது.

அன்றிலிருந்து அய்யம்பெருமாள் ஆளே மாறிப்போனான். சக்கரத்தைத் தேடி எடுத்து, எப்படியோ மாட்டி, நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து, அங்கமுத்து என்பவரின் கொல்லையில் வெங்காயப் பட்டறை ஓரமாக நிறுத்தினான். வெங்காயத்தைக் காற்றாடச் சேர்த்து வைக்க மூங்கில் படல் கட்டிக் கூரை போட்டிருந்த பட்டறை அது. அங்கிருந்து கிளம்புவதானால் ஏறுமுன் ஒருமுறை ஐந்து நட்டையும் தொட்டுப் பார்ப்பான். அரைப் பர்லாங் போய் நிறுத்தி மறுபடி பார்ப்பான். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டான். வண்டிமேல் கோழி ஏறி முட்டை வைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. கடைசியில், வண்டியை விற்றுவிட்டுச் சவுதிக்குப் போகிறேன் என்றான். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

வாங்க வந்தவர் ஜெயங்கொண்டத்துக்காரர். இடது பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அஞ்சும் ஒரே மாதிரி போட்டு, நீங்களே ஓட்டிக் கொண்டாந்து விட்டுருங்க. எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜெயங்கொண்டம் போக வேண்டும். அதனால்தான் அந்தத் தை மாதத்து வியாழக்கிழமை காலையில், பனி விலகாத கொல்லையில், புருஷனும் பெண்டாட்டியும் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பனி என்றால் அப்படி ஒரு பனி. பக்கத்துக் கொல்லையில் பருத்தி வெடித்துக் கிடந்தது. எது பனி, எது பஞ்சு என்று தெரியவில்லை. வெள்ளையாக ஒன்று மண்ணிலிருந்து வானம்வரை நின்றது. அதற்குள் எங்கோ யாரோ இருமினார்கள், எங்கோ மணி கட்டிய மாடு போனது. தூக்கத்திலிருந்து முழுதாக எழுந்து வராதவள் போலச் செங்கமலம் நின்றாள். விற்கப்போகிற மாட்டைத் தானே குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவிக் கொடுக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. வேலை முடியாமல் போனால் நல்லது என்று உள்ளுக்குள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே, அவன் கேட்குமுன் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

"அடக்கல்லு வையி" என்றான் அவன்.

அவள் வரப்பிலிருந்து இரண்டு கல்லைத் தூக்கி வந்து முன்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தாள். ஒன்றில் சிப்பி பதிந்திருந்தது. மற்றது ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட நத்தைக் கல். அந்தப் பக்கத்தில் ஏர் ஓட்டினால் இதெல்லாம் சாதாரணமாகக் கிளம்பும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். பனிக்குள் நிற்கையில் அது ஒன்றும் நம்ப முடியாத சங்கதியாகத் தோன்றவில்லை.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டால் சக்கரம் கூடவே சுற்றும். அய்யம்பெருமாள் ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் நீளமான இரும்புக் குழாய் ஒன்றைச் சொருகி, தன் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தினான். நட்டு அசையவில்லை. செங்கமலம் குழாய்மேல் ஏறி நின்றாள். அப்போதும் அசையவில்லை.

அதற்குள் வெங்காயம் அரிய வந்த பெண்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். அரிவாள்மனை ஒரு கையில், தூக்குவாளி ஒரு கையில். முன்னால் வந்தவள் வீரம்மாள். நல்ல ஆகிருதி. செங்கமலத்துக்குப் பெரியம்மா மகள். அவளுக்குப் பின்னால் வெற்றிலையை மென்றுகொண்டு கொளஞ்சியம்மாள், கடைசியாக உண்ணாமலை.

உண்ணாமலையைக் கண்டதும் அய்யம்பெருமாள் குனிந்து ஜாக்கியைத் தேட ஆரம்பித்தான். ஜாக்கி அவன் காலடியிலேயே கிடந்தது.

"என்னா தம்பி, புருசனும் பொண்டாட்டியும் காலங்காத்தால குழா மேல ஏறி குதிக்கிறீங்க?" என்றாள் வீரம்மாள்.

"நட்டு வர மாட்டேங்குதுக்கா" என்றாள் செங்கமலம்.

"நீ நின்னா எப்படிடி வரும்? உன்மேல காக்கா உக்காந்தா நீயே சாஞ்சிருவ. எறங்கு."

வீரம்மாள் அரிவாள்மனையை வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, செங்கமலத்தின் தோளைப் பிடித்துக் குழாய்மேல் ஏறினாள். மடக்கென்று ஒரு சத்தம். நட்டு இளகியது. பெண்கள் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள்.

"பாத்தியா! சோறு திங்கிறதுக்கு ஒரு நாயம் வேணாமா?"

அடுத்த நட்டில் அவள் ஏறி நின்றாள், குதித்தாள், சாமி வந்தவள் போல ஆடிப் பார்த்தாள். நட்டு கிணற்றுப் பாறை மாதிரி இருந்தது. அய்யம்பெருமாள் தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்யய்ய, எறங்குக்கா. அது வண்டியோட வந்த ஸ்டட்டு, இடமர. அந்தக் காலத்து வண்டியில இந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு எல்லாம் தலகீழா இருக்கும். மத்ததெல்லாம் இடப்பக்கம் திருவுனா கழலும். இது வலப்பக்கம் திருவுனாத்தான் கழலும்."

"அட கூறுகெட்ட சக்கரமே! இம்புட்டு நேரமா நான் கழட்டுறேன்னு முடுக்கிக்கிட்டா இருந்தேன்?"

"ஆமா."

"ஒரே சக்கரத்துல ஒண்ணு இப்படியும் ஒண்ணு அப்படியுமா? எங்க மாமியா வூட்டு நாத்தனா கொழுந்தி கணக்கால்ல இருக்கு!"

கொளஞ்சியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "அதான் மாப்ள, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போவாம சக்கரம் தனிக்குடித்தனம் போயிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். உண்ணாமலையும் சிரித்தாள். அய்யம்பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. குழாயை உருவி அந்தப் பக்கம் மாற்றிச் சொருகினான். வீரம்மாள் மறுபக்கம் நின்று அந்த நட்டையும் இளக்கிக் கொடுத்தாள். ஒல்லி ஸ்டட்டின் நட்டுக்கு வேறு ஸ்பேனர் தேவைப்பட்டது. அது யாரும் ஏறாமலே, கையால் தொட்டதும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனதைச் செங்கமலம் கவனித்தாள். இத்தனை நாள் இது சும்மாதான் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கொல்லைக்காரர் அங்கமுத்து வந்து அதட்டியதும் பெண்கள் பட்டறை நிழலுக்குப் போய் உட்கார்ந்து வெங்காயத் தாளை அரியத் தொடங்கினார்கள். பனி விலகி வெயில் வந்தது. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தை எடுத்து, அதன் பின்னிருந்த பிரேக் ட்ரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றினான் அய்யம்பெருமாள். பிறகு ஒவ்வொரு பழைய ஸ்டட்டாகச் சுத்தியலால் அடித்துப் பின்பக்கமாக வெளியே தள்ளினான். அந்தச் சத்தம் வெட்டவெளியில் ணங் ணங்கென்று போய், எங்கோ மோதித் திரும்பி வந்தது. செங்கமலம் விழுந்ததைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். துருவும் கிரீசும் சேர்ந்து சேலை வீணாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

உச்சிப்பொழுதில் வேலையை நிறுத்திச் சாப்பிட்டார்கள். பழைய சோறு, பச்சை வெங்காயம், நேற்றைய கருவாட்டுக் குழம்பு. வெங்காய நெடியில் எல்லாருக்கும் கண் லேசாகக் கலங்கியிருந்தது. பட்டறைப் பக்கம் பேச்சு ஓய்ந்து, கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார்கள் சிலர். பருத்திக் கொல்லையிலிருந்து காற்றில் எழுந்த ஒரு பஞ்சுத் துணுக்கு மெல்ல மிதந்து வந்து, ட்ரம்மின் காலியான ஐந்து ஓட்டைகளுக்கு முன்னால் கொஞ்சம் நின்று, அப்புறம் போனது.

"ஏங்க" என்றாள் செங்கமலம். "சவுதியில என்னா வண்டி குடுப்பாங்க?"

"டிரைவர் வேல வேணாம்னு சொல்லிட்டேன்."

"பின்ன?"

"ஆடு மேய்க்கிறதோ, தோட்டத்துல தண்ணி பாய்ச்சறதோ, எதுன்னாலும் சரின்னுட்டேன்."

"இங்க மேய்க்க ஆடு இல்லியா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"கண்ண மூடுனா அந்தச் சக்கரம் போவுது புள்ள. நான் பின்னாடியே ஓடுறேன். அது கொஞ்ச தூரம் போயி நின்னு, என்னத் திரும்பிப் பாக்குது. நான் வர்ற வரைக்கும் நிக்கிது. கிட்டப் போயி கைய நீட்டுனா மறுபடியும் உருளுது. சுத்தி எங்கயும் ஒரு சத்தம் இல்ல. நல்லா வெளிச்சமா இருக்கு. பயமே இல்லாத மாதிரி இருக்கு. ஆனா முழிச்சா நெஞ்சு அடிச்சுக்குது."

"வண்டிய வித்துருங்க. வேணாங்கல. வித்துப்புட்டு இங்கயே இருங்க."

"இங்க இருந்தா தெனம் அந்தப் புள்ள கையப் பாக்கணும்ல?" என்றான் அவன். குரல் தாழ்ந்துவிட்டது. "அது ஒரு வார்த்த திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். என்னப் பாத்தா, சாப்டீங்களாண்ணேங்குது. எனக்குச் செத்துப் போயிரலாம் போல இருக்கு."

செங்கமலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அடக்கவில்லை.

"நீங்க போனா எனக்கு அந்த வூட்டுல ஒரு நிமிசம் இருப்பு கொள்ளாது. பொம்பளை சொல்றாளேன்னு நெனச்சிக்காதீங்க. எனக்கு நீங்க வேணும். அம்புட்டுத்தான்."

அவன் அவள் தட்டில் ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து வைத்தான்.

மத்தியானத்துக்குமேல், அரியலூரிலிருந்து வாங்கி வந்த புது ஸ்டட்டுகளைக் காகிதத்திலிருந்து பிரித்தான். இடமரை இப்போது வருவதில்லை, ஐந்தையும் வலமரையாகவே போட்டுக்கொள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஐந்தும் ஒரே நீளம், ஒரே பருமன். வெயிலில் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தன. பின்பக்கமிருந்து ஒவ்வொன்றாகச் சொருகி அடித்தான். ணங் என்று ஆரம்பித்த சத்தம், ஸ்டட் உள்ளே இறங்க இறங்க மாறி, கடைசியில் டொக்கென்று அடைத்துக்கொண்டது. அதற்குமேல் போகாது என்று அந்தச் சத்தமே சொன்னது. ட்ரம்மை மாட்டினான், சக்கரத்தை ஏற்றினான், நட்டுகளைக் கையால் திருகி உட்காரவைத்தான். எல்லா நட்டும் ஒரே பக்கமாகச் சுற்றின. ஜாக்கியை இறக்கியதும் வண்டி மூச்சு விட்டுக்கொண்டு தரையில் நின்றது.

"வீரம்மாக்கா!" என்று குரல் கொடுத்தாள் செங்கமலம்.

இந்த முறை பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வேலையும் முடிந்திருந்தது. ஒரு நட்டை முடுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் இருப்பதைத்தான் முடுக்க வேண்டும் என்று அய்யம்பெருமாள் சொல்லிக்கொடுத்தான். வீரம்மாள் ஒன்றுக்கு நின்றாள். கொளஞ்சியம்மாள், எனக்கும் ஒண்ணு வேணும் என்று அடம்பிடித்து ஏறி, இறங்கத் தெரியாமல் கூச்சல் போட்டாள். மூன்றாவதற்குக் குழாயைச் சொருகி அவன் நிமிர்ந்தபோது, உண்ணாமலை அதில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தாள்.

"நீ வேணாம்மா" என்றான் அவன்.

"ஏண்ணே? கைதான கோணலு. காலு நல்லாத்தான இருக்கு?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"கை கோணுனதுலயும் ஒரு நல்லது இருக்குண்ணே. முதுவு சொறிய வாட்டமா இருக்கு. எங்க வூட்டுக்காரரு, எனக்கும் சொறிஞ்சு விடுங்கறாரு."

வீரம்மாள் குபீரென்று சிரித்ததில் கொளஞ்சியம்மாளின் வெற்றிலை எச்சில் தெறித்தது. உண்ணாமலை இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள். நட்டு கிறீச்சென்று கடைசித் திருகு திரும்பி நின்றது. அவள் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, "அவ்ளோதானா?" என்றாள்.

மிச்சம் இரண்டையும் வீரம்மாளே முடுக்கி முடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அரிவாள்மனைகளையும் தூக்குவாளிகளையும் எடுத்துக்கொண்டு பெண்கள் கிளம்பினார்கள். வழக்கம்போல நடந்து போக வரப்புப் பக்கம் திரும்பவில்லை. நேராக வண்டிப் பக்கம் வந்தார்கள்.

"யாரும் ஏறாதீங்க" என்று பதறினான் அய்யம்பெருமாள். "காலி வண்டிய மொதல்ல ஓட்டிப் பாக்கணும். நான் ஆள் ஏத்தறதில்ல. உங்களுக்குத்தான் தெரியுமே."

"நாங்க முடுக்குன நட்டு தம்பி. எங்களுக்குத் தெரியாதா?" என்ற வீரம்மாள் டயரில் கால் வைத்து உள்ளே ஏறிவிட்டாள். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது. கொளஞ்சியம்மாளை அவள் உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டாள்.

உண்ணாமலை கீழே நின்றாள்.

"ஒரு கையி குடுங்கண்ணே. என்னால ஊணி ஏற முடியாது."

அவள் நீட்டியது வலது கை. அந்தக் கோணல் கை. வேண்டுமென்றே அதை நீட்டினாளா, பழக்கத்தில் நீட்டினாளா, செங்கமலத்துக்கு விளங்கவில்லை. அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐப்பசியிலிருந்து கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தவன், இப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தான். அப்புறம் இரண்டு கையாலும், முளைப்பயிரைத் தொடுகிறவன் மாதிரி, மெதுவாகப் பிடித்தான்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் எப்பவோ போயிருச்சுண்ணே. தூக்கி வுடுங்க."

அவன் தூக்கிவிட்டான்.

செங்கமலம் முன்னால் ஏறிக்கொண்டாள். அங்கமுத்து கொல்லையை விட்டு வண்டி மண்பாதைக்கு வந்தது. பனி மறுபடியும் இறங்கத் தொடங்கியிருந்தது. பருத்திக் கொல்லைகள் இரண்டு பக்கமும் வெள்ளையாக, பாதை எங்கே முடிகிறது என்று தெரியாமல், அவர்களோடு கூடவே மிதந்து வந்தன. பின்னால் வீரம்மாளின் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் ஏறியதும் அவன் நிறுத்தினான். அது முறைதான். புது ஸ்டட் போட்டால் கொஞ்ச தூரம் ஓட்டி, ஒருமுறை நட்டை இறுக்கிப் பார்க்கத்தான் வேண்டும். ஸ்பேனர் மாட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் திரும்பி வந்து, "அசையல" என்றான். அதில் ஒரு ஆச்சரியம் இருந்தது.

பின்னால் பேச்சுச் சத்தம் ஓய்ந்து கொஞ்ச தூரம் போனபின் மறுபடி நிறுத்தினான். இது முறையில்லை, பயம். அது செங்கமலத்துக்குத் தெரியும். அவன் ஸ்பேனரோடு பின்னால் போவதைக் கண்ணாடியில் பார்த்தாள். பனியில் பாதி உருவம்தான் தெரிந்தது. நாளைக்கு ஜெயங்கொண்டம் போகிறவரைக்கும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் போவான், அதற்கப்புறம் ஓட்டுவதற்கு வண்டியும் இல்லை, பார்ப்பதற்கு அவனும் இல்லை என்று நினைத்தாள். ஸ்பேனர் சத்தத்துக்குக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

அவன் திரும்பி வந்து ஏறினான். ஸ்பேனரை ஓசைப்படாமல் சீட்டுக்கடியில் வைத்தான். கதவை அடித்துச் சாத்தாமல் மெதுவாக இழுத்து அழுத்தினான்.

"என்னாச்சுங்க? நட்டு பாக்கலியா?"

"தூங்குறாங்க" என்றான் குசுகுசுவென்று.

"யாரு?"

"எல்லாரும். வீரம்மாக்கா வாயத் தொறந்துகிட்டு. உண்ணாமல அதுமேல சாஞ்சிகிட்டு, கைய மடியில போட்டுகிட்டு. என் வண்டியில புள்ள. எப்படித் தூங்குறாங்க தெரியுமா? வூட்டுல படுத்த மாதிரி."

அவன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்தான். அவன் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஜெயங்கொண்டத்தாரு காத்துக்கிட்டிருப்பாரு" என்றான். "காலையில மொத பஸ்ஸுல போயி, வண்டி குடுக்கறதா இல்லன்னு சொல்லிட்டு வந்துர்றேன். பஸ்ஸுலதான் போவணும். வண்டியோட போனா ஆசையா கேப்பாரு."

செங்கமலம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பேசினால் சத்தம் வந்துவிடும் என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவன் வண்டியைக் கிளப்பினான். சைக்கிளில் போன ஒருத்தர் அவர்களைத் தாண்டிப் போனார், பள்ளத்துக்குப் பள்ளம் அவன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறக்கினான். ஊர் போய்ச் சேர வழக்கத்தைவிட வெகு நேரமாயிற்று. பயத்தில் இல்லை, பின்னால் இருப்பவர்கள் விழித்துவிடக் கூடாதே என்றுதான் அவ்வளவு மெதுவாக ஓட்டினான்.